மூன்றாவது கட்டிலருகே நான் பேசியது

தாயி கயல்,

திங்கட்கிழமை நீ ஓசூருக்குப் பஸ் ஏறுகிறாய். இந்தக் காகிதத்தை உன் பெட்டிக்குள் சேலைக்கு அடியில் செருகிவிட்டுச் சும்மா இருந்துவிடலாம், அங்கே போய்ப் பிரித்துப் படித்துக்கொள்வாய் என்றுதான் முதலில் நினைத்தேன். உன் அம்மா விடவில்லை. "ஞாயித்துக்கெழமைக்கு முன்னாடி அவ கையில குடுங்க. அதுக்கப்பறம் குடுத்து என்னத்துக்கு?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை கட்டுமாவடியில் நஸ்ரினுக்கு நிக்காஹ். அடுத்த வாரமே அந்தப் பிள்ளை மாப்பிள்ளையோடு துபாய்க்குப் போகிறது. அவளுடைய அத்தா மீன் வண்டியை நம் வாசலில் நிறுத்திப் பத்திரிகை கொடுத்துவிட்டுப் போனாரே, அந்த உறையின் மேல் உன் பெயரை நஸ்ரின் தன் கையாலேயே எழுதியிருந்தாள். நீ அதைப் பிரிக்காமல் பிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, "நான் போகலப்பா, எனக்கு வேல கெடக்கு" என்றாய். ஐந்து வருஷமாக நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. அதற்குக் காரணம் நஸ்ரின் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். நஸ்ரின் இல்லை, நான். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நேரில் சொன்னால் என்ன என்று கேட்பாய். என் வாய் உனக்குத் தெரியாதா? பொன்னமராவதிச் சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரில் ஜல்லிக்கட்டு என்றாலும் வாடிவாசலுக்கு மேலே மைக்கைப் பிடித்து நிற்கிறவன் நான். காளை வெளியே வருவதற்குள் சொந்தக்காரர் பெயர், ஊர் எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "தொட்டுப் பாரு, தொட்டுப் பாரு, வாலப் புடிக்காத, வாலப் புடிச்சா பரிசு கெடையாது" என்று தொண்டை கிழியக் கத்துகிறவன். நான் வாயைத் திறந்தால் ஒரு சங்கதி ஒன்பது சங்கதி ஆகிவிடும். "எழுதிக் குடுங்க. நேர்ல சொன்னா சுத்தி வளச்சு, அழுது, சிரிச்சு, கடைசில ஒங்க மேல தப்பே இல்லாத மாதிரி முடிச்சிருவீங்க" என்றாள் உன் அம்மா. இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் பண்ணினவள், அவள் கணக்கு தப்பாது. அதனால் உன் பழைய கெமிஸ்ட்ரி நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களைக் கிழித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த கொரோனாக் காலத்தை நினைத்தால் எல்லாரும் பயத்தைச் சொல்கிறார்கள். பயம் எனக்கும் இருந்தது. ஆனாலும் ஒன்றை வெட்கமில்லாமல் சொல்கிறேன்: எனக்கு அந்த நாட்கள் வேண்டும் போல இருக்கிறது. நீ புதுக்கோட்டையில் நஸ்ரினோடு ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். திடீரென்று ஒரு நாள் பையும் பாயுமாக வீட்டுக்கு வந்துவிட்டாய், அப்புறம் மாதக்கணக்கில் போகவே இல்லை. எனக்கும் வேலை இல்லை. திருவிழா இல்லை, கல்யாணம் இல்லை, கட்சிக் கூட்டம் இல்லை. நம் மைக்செட் ரூமில் ஸ்பீக்கர் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறித் தூசி படிந்து கிடந்தன. எனக்கு வந்த ஒரே வேலை, பஞ்சாயத்து ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு, "பொதுமக்கள் யாரும் வீட்டை விட்டு வெளியே வர வேண்டாம்" என்று தெருத்தெருவாகச் சொன்னதுதான். கூட்டத்தைக் கூட்டியே பழகின தொண்டை, கூட்டத்தைக் கலைக்கப் போனது. அதுவும் பத்து நாளில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு பேச ஆளில்லாமல் சோற்றுத் தட்டைப் பார்த்து நான் பேசிக்கொண்டிருந்ததை நீயே கேலி பண்ணியிருக்கிறாய். "அப்பா, ரசம் என்ன பதில் சொல்லுச்சு?" என்று கேட்பாய்.

அந்த நேரத்தில்தான் உன் டீச்சர் போன் பண்ணினார். வருஷா வருஷம் நடக்கும் ரோபோப் போட்டி இந்த வருஷமும் உண்டு, ஆனால் யாரும் எங்கும் வர வேண்டாம், அவரவர் வீட்டிலேயே ஓட்டிப் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்றார். முந்தின வருஷம் திருச்சியில் ஒரு காலேஜில் நடந்த போட்டிக்கு உன்னையும் நஸ்ரினையும் நான்தான் பஸ்ஸில் கூட்டிப் போனேன், நினைவிருக்கிறதா? பெரிய ஹால், ஏசி, வழவழவென்று மேஜை. பெரிய ஸ்கூல் பிள்ளைகள் பெட்டி பெட்டியாகச் சாமான் கொண்டு வந்திருந்தார்கள். நீங்கள் இரண்டு பேரும் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றீர்கள். உங்கள் முறை வந்தபோது அவசரத்தில் வயரை மாற்றிச் சொருகி, முதல் சுற்றிலேயே வெளியே வந்துவிட்டீர்கள். திரும்பி வரும் வழியெல்லாம் பஸ் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். ஆகவே, "வீட்டுலயே ஓட்டணுமாம்ப்பா" என்று நீ சொன்னபோது உன் முகத்தில் வந்த தெம்பு எனக்குப் புரிந்தது. அந்த ஒரு வருஷம்தான் எல்லாப் பிள்ளைகளும் அவரவர் வீட்டுத் தரையில் நின்று போட்டி போட்டார்கள். தொடக்க விழாவை, டவர் கிடைக்கும் தண்ணீர்த் தொட்டியடியில் உட்கார்ந்து லேப்டாப்பில் காட்டினாயே, கட்டம் கட்டமாகப் பிள்ளைகள். ஒரு பையனுக்குப் பின்னால் மாடு அசை போட்டுக்கொண்டு நின்றது. எல்லார் மைக்கையும் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று நீ சொன்னபோது, "இம்புட்டுக் கூட்டத்துல ஒரு மைக்குகூட வேல செய்யலயா, யாரு இந்தச் செட்டுக்காரன்?" என்று நான் கேட்டு, நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

சாமான் எல்லாம் நஸ்ரினிடம் இருந்தன. அவள் மாவட்டத்தின் அந்தக் கோடியில், நீ இந்தக் கோடியில். அவள் வீட்டிலோ மீன் பெட்டிகளுக்கே இடம் போதாது, தரை ஏது? நம் மைக்செட் ரூமைக் காலி பண்ணித் தருகிறேன் என்று நான்தான் சொன்னேன். அவள் அத்தாவின் மீன் வண்டிக்குப் போலீஸ் தடை இல்லை. பொன்னமராவதி மார்க்கெட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. ஒரு காலையில் நாம் போய் நின்றோம். பாய் ஒரு தெர்மகோல் பெட்டியை இறக்கி, "அண்ணே, இதுல ஐஸும் இல்ல மீனும் இல்ல, சூதானமா கொண்டு போங்க, எம்மக உசுரு இதுலதான் இருக்கு" என்று சொல்லிக் கொடுத்தார். மீன் இல்லைதான். ஆனால் வாசனை போக வேண்டுமே! மோட்டார், சக்கரம், வயர் எல்லாம் நெத்திலி நெத்திலியாக மணத்தது. நீ எத்தனை தடவை துடைத்தும் போகவில்லை. நீ வண்டியைக் கூட்டி முடித்து முதல் தடவை ஓடவிட்டபோது எதிர்வீட்டுப் பூனை வந்து அதன் பின்னாலேயே நடந்தது. அது திரும்பினால் பூனையும் திரும்பும். அதற்குப் பிறகு பூனையைச் சாக்குப் போட்டு மூடி வைத்துவிட்டுத்தான் ஒவ்வொரு தடவையும் ஓட்டினோம். உன் அம்மா அதற்கு ஒரு கிண்ணம் பால் தண்டம் அழுதாள்.

போட்டிக்குக் கொடுத்த வேலை எனக்கு இன்னும் மனப்பாடம். அது ஒரு ஆஸ்பத்திரி வார்டு. மூன்று கட்டில். வண்டி தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு தானாகப் போய், ஒவ்வொரு கட்டிலருகிலும் நின்று, தட்டைச் சாய்த்து மாத்திரை அட்டையைப் போட்டுவிட்டு, புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும். நோயாளிக்குப் பக்கத்தில் ஆள் போகப் பயந்த காலம் அல்லவா. அளவுகளை மட்டும் தாளில் அனுப்பியிருந்தார்கள். களத்தை அவரவர் வீட்டுச் சாமானை வைத்துப் போட்டுக்கொள்ள வேண்டியது. கோட்டுக்கு என் இன்சுலேஷன் டேப். தூணுக்கு நம் வீட்டு எவர்சில்வர் டம்ளர். கட்டிலுக்குச் செருப்புப் பெட்டி. உன் அம்மா பழைய ஜாக்கெட் துணியில் மூன்று குட்டித் தலையணை தைத்துக் கொடுத்தாள், யாரும் கேட்கவே இல்லை. வண்டிக்கு நர்சம்மா என்று நஸ்ரின் பெயர் வைத்தாள்.

புரோகிராம் எழுதுவது நஸ்ரின் பொறுப்பு. அவள் கையில் வண்டி இல்லை. அதனால் தன் வீட்டு மொட்டை மாடியில் கரிக்கட்டையால் கோடு போட்டு, கண்ணை மூடிக்கொண்டு தானே நர்சம்மாவாக நடந்து பார்ப்பாள். நீ இங்கே வண்டி ஓடுவதைப் பார்த்துக்கொண்டே, அம்மாவின் பட்டன் போனை ஸ்பீக்கரில் போட்டு, "இப்ப நீ கோட்ட விட்டு வெளிய போயிட்டடி" என்பாய். "அப்ப நான் இங்கிட்டு அரை அடி ஒதுங்கணும், சரியா?" என்பாள். புதிதாக எழுதினதை அவள் என் போனுக்கு அனுப்புவாள். அந்தப் போனுக்கு நம் வீட்டில் டவர் கிடைக்காது. நான் பைக்கை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போய் வாங்கி வருவேன். டீச்சர் இரவல் கொடுத்த லேப்டாப்பில் நீ அதை ஏற்றுவாய். திரும்ப ஓட்டுவோம். மூன்றாவது கட்டிலில்தான் சனியன். முதல் இரண்டும் சரியாகப் போகும். மூன்றாவது கட்டிலுக்கு இடது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் நர்சம்மா நேராகப் போய்ச் சுவரில் முட்டுவாள். எத்தனை நாள், எத்தனை தடவை! ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வரும்போது ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்து, "திரும்பு திரும்பு திரும்பு" என்று நான் கத்துவேன். நீ, "அப்பா, அதுக்குக் காது கெடையாது" என்பாய்.

போட்டி விதிகளை நீ எனக்குப் படித்துக் காட்டினாய். வெட்டாமல் ஒட்டாமல் ஒரே மூச்சில் எடுத்த படம் வேண்டும். சுவர்க்கடிகாரம் தெரிய வேண்டும். பிள்ளையின் இரண்டு கையும் தெரிய வேண்டும். வீட்டுப் பெரியவர் ஒருவர் போனைப் பிடிக்கலாம். ஆனால் வண்டி கிளம்பியது முதல் நிற்கும்வரை அவர் தொடக்கூடாது, பேசக்கூடாது. அப்படியே நடந்தது என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். ஓட்டத்துக்கு இரண்டே நிமிஷம். நான் கெத்தாகக் கையெழுத்துப் போட்டேன். வாடிவாசலில், "தடுப்புக் கட்டையில ஏறி நிக்கிறவன் எறங்கு, வெளியாளு மாட்டத் தொட்டா மாடு கணக்குல வராது" என்று ஊருக்கே சட்டம் சொல்கிறவன் நான், எனக்கா தெரியாது?

கடைசி நாள். சாயங்காலம் ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் எடுத்தோம். நான் மாஸ்க் போட்டிருந்தேன். படம் எடுக்கிறவரும் போட்டிருக்க வேண்டும் என்று அந்த விதிகளிலேயே இருந்தது. நீ அந்த மூலையில் இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் விரித்து வைத்துக்கொண்டு நின்றாய். ஓடியது. முதல் கட்டில், மாத்திரை விழுந்தது. இரண்டாவது கட்டில், விழுந்தது. மூன்றாவது கட்டிலுக்கு முன்னால் வந்தபோது என் வாய் திறந்துகொண்டது. சத்தமாக இல்லை, மாஸ்க்குக்குள் முணுமுணுப்பாக. "இங்கிட்டு... இங்கிட்டுத் திரும்பு தாயி... திரும்பு... ஆங், நில்லு... போடு... அப்புடித்தான்... வா, வீட்டுக்கு வா." நர்சம்மா நான் சொல்லச் சொல்லச் செய்ததுபோல அச்சாகத் திரும்பினாள், நின்றாள், போட்டாள், வந்தாள். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, நீ எட்டி நின்றாய், உனக்குக் கேட்கவில்லை. ஆனால் என் கையில் இருந்த போன் என் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கேட்டுக்கொள், இருபத்தைந்து வருஷம் மைக்கோடு பிழைத்தவனுக்கு, கையில் பிடித்திருப்பது ஒரு மைக் என்ற நினைப்பு வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். நீ துள்ளிக் குதித்தாய். பட்டன் போனில், "ஓடிருச்சுடி! திரும்பிருச்சுடி!" என்று நீ கத்த, அங்கிருந்து நஸ்ரின் போட்ட சத்தத்தில் போன் கரகரவென்று அதிர்ந்தது. பின்னாலேயே பாயின் குரல்: "என்னம்மா, என்னாச்சு, கடல்ல எந்த போட்டு கவுந்துச்சு?" உன் அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். சாக்குக்குள் இருந்து பூனை வேறு. நாம் மூன்று பேரும் பைக்கில் நெருக்கி உட்கார்ந்து தண்ணீர்த் தொட்டிக்குப் போனோம். என் போனின் ஸ்பீக்கர் அப்போதே கெட்டுப் போயிருந்ததால், படம் ஏறும்வரை சத்தமில்லாமலேயே இரண்டு தடவை பார்த்தீர்கள். ஐந்து மணிக்கு முன்னால் ஏறிவிட்டது. வெயில் தாழ்ந்து நல்ல காற்று. நீ என் தோளில் தலையைச் சாய்த்து, "அப்பா, இது நெசம்தான?" என்று கேட்டாய். நான், "நெசம்தான் தாயி" என்றேன். அந்த ஒரு சாயங்காலத்துக்காக இன்னொரு ஊரடங்கு வந்தாலும் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியிருக்கிறது, தப்புதான், ஆனால் தோன்றியிருக்கிறது.

இனிமேல் எழுதுவது உனக்குத் தெரியாது. உன் அம்மாவுக்கே போன வாரம்தான் தெரியும்.

நாலு நாள் கழித்து ஒரு காலையில் நான் தொட்டிப் பக்கம் போனபோது என் போனுக்கு ஒரு அழைப்பு வந்தது. போட்டி நடத்துகிறவர்கள். ஒரு அம்மா, நல்ல மரியாதையாகப் பேசினார். "சார், உங்க பொண்ணு அனுப்புன வீடியோவுல ஒரு ஆம்பளைக் குரல் கேக்குது. திரும்புற இடத்துல முன்கூட்டியே சொல்லுது. அது யாருங்க சார்?" நான் சட்டென்று, "அது... டிவிங்க" என்றேன். "டிவியா சார்?" "ஆமாங்க, பக்கத்து வீட்டு டிவி." அந்த அம்மா குரலைத் தணித்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "வீட்டுல எடுக்கறது, தவறுதலா யாராவது பேசியிருக்கலாம். எங்களுக்குப் புரியுது சார். அப்படின்னா சொல்லிடுங்க. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள இன்னொரு தடவை ஓட்டி அனுப்பலாம், அதுக்கு இடம் வச்சிருக்கோம். யாரோ மறைவா நின்னு ரிமோட்ல ஓட்டறாங்களோன்னு நடுவர்களுக்குச் சந்தேகம், அதான் கேக்கறேன்." வாசற்கதவைத் திறந்து வைத்து, உள்ளே வா என்று கூப்பிட்டார்கள் தாயி. நான், "இல்லைங்க, டிவிதாங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே நான் பல பதில் சொல்லிக்கொண்டது உண்டு. பதினெட்டுப் பட்டியில் மைக் பிடிக்கிறவன், வாயை அடக்கத் தெரியாதவன் என்று பெயர் எடுக்க வேண்டுமா என்ற வீம்பு. நீ என்னைத் திட்டுவாயே என்ற பயம். இரண்டும் உண்மைதான். ஆனால் அவை மேல்பூச்சு. அடியில் இருந்தது வேறு. இன்னொரு தடவை ஓட்டினால் ஓடாது என்று நினைத்தேன். இத்தனை நாளில் ஒரே ஒரு தடவைதான் மூன்றாவது கட்டிலில் திரும்பியது. அது அதிர்ஷ்டம், மறுபடி சுவரில்தான் முட்டும், பிள்ளைகள் இரண்டும் அழும், கிடைத்ததை வைத்துக்கொண்டு தப்பிப்போம் என்று நினைத்தேன். உன் கையிலும் நஸ்ரின் மூளையிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. இதுதான் நான் செய்த குற்றம். முணுமுணுத்தது இல்லை.

முடிவு இங்கிலீஷில் இரண்டே வரியில் வந்தது. வண்டி தானாக ஓடியது என்று உறுதி செய்ய முடியவில்லை, ஆகவே ஓட்டத்துக்கு மதிப்பெண் இல்லை. நீ அதை நாலு தடவை படித்தாய். சோதனை பண்ணுவதற்காக நஸ்ரின் முதலில் புரோகிராமில் போட்டிருந்த ரிமோட் வரிகளை அவள் எடுக்காமல் விட்டிருப்பாள், அதைத்தான் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நீயே ஒரு முடிவுக்கு வந்தாய். நான் கதவுக்கு வெளியே வயர் சுற்றிக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் அவள் குரல் கேட்டது: "எடுத்துட்டேன் கயல். அல்லா மேல சத்தியமா எடுத்துட்டேன்." நீ, "அப்பறம் ஏன் இப்புடி எழுதியிருக்காங்க? ஒழுங்கா ஒரு வேல செய்யத் தெரியாது ஒனக்கு. போ, போயி ஒங்க அத்தாவோட மீன் பொட்டி கட்டு" என்றாய். அவள் போனை வைத்துவிட்டாள். நான் உள்ளே வந்து, "நான்தான்டி பேசினேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வாயை மூடியிருக்க வேண்டிய இடத்தில் திறந்தேன். திறக்க வேண்டிய இடத்தில் மூடிக்கொண்டேன். அதோடு விட்டேனா? ஏன் மதிப்பெண் இல்லை என்று கேட்டு எழுதப் போகிறேன் என்று நீ உட்கார்ந்தபோது, "விடு தாயி, பெரிய எடத்துல எல்லாம் அப்புடித்தான், நம்மள மாதிரி ஆளுகளுக்குக் குடுக்க மாட்டானுங்க" என்று சொல்லி உன் கையைப் பிடித்து நிறுத்தினதும் நான்தான். நீ கேட்டிருந்தால் என் வண்டவாளம் அன்றைக்கே வெளியே வந்திருக்கும். ஊரில் இல்லாத அநியாயத்தை உண்டாக்கி உன் தலையில் ஏற்றிவிட்டேன்.

ஆகவே புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் ஓசூரில் பெரிய பெரிய ரோபோக்களை வைத்து வேலை நடக்கும் கம்பெனிக்குப் போகிறாய். அப்பன் என்ற பாத்தியதையில் சொல்கிறேன். யாராவது இரண்டு வரியில் உனக்குத் தீர்ப்பு எழுதினால், ஏன் என்று மரியாதையாகத் திருப்பிக் கேள். உன்கீழ் வேலை பார்க்கும் ஒருவர் கை வைத்த இடத்தில் தப்பு நடந்தால், அவரைப் பேசுவதற்கு முன்னால் அந்த இடத்தில் யார் யார் நின்றார்கள் என்று பார். ஓரமாகப் போனைப் பிடித்துக்கொண்டு ஒரு நல்ல மனிதன் நின்றிருக்கலாம். அப்புறம், இன்னொரு தடவை ஓட்டிக் காட்டு என்று யாராவது கேட்டால் சரி என்று சொல். அதைக் கேட்கிறவர்கள் எதிரிகள் இல்லை என்று புரிந்துகொள்ள எனக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. இடையில் எத்தனையோ தடவை சொல்ல வாயெடுத்தேன். நீ பிளஸ் டூ பரீட்சை என்றாய், பிறகு காலேஜ் என்றாய்; நல்ல நேரம் பார்க்கிறேன் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு பெருநாளுக்கும் நீ போனை எடுத்து வைத்துக்கொண்டு எதையோ அடிப்பதும் அழிப்பதுமாக இருந்ததை நான் பார்க்காமல் இல்லை.

போன வியாழக்கிழமை நீ துணி எடுக்கப் புதுக்கோட்டைக்குப் போயிருந்தாய். உனக்குப் பெட்டி எடுக்க நான் பரணில் ஏறினேன். பெட்டிக்குப் பின்னால் அந்தத் தெர்மகோல் பெட்டி. திறந்தால் நர்சம்மா. மூக்கில் வைத்துப் பார்த்தேன், இன்னும் லேசாக மீன் வாசனை, உன் அம்மாவிடம் நீட்டினேன், அவளும் ஆமாம் என்றாள். எனக்கு ஒரு எண்ணம் வந்தது. கடைக்குப் போய்ப் புது பேட்டரி வாங்கி வந்தேன். மைக்செட் ரூமில் பெட்டிகளை ஒதுக்கினேன். தரையில் பழைய டேப்பின் பசைத்தடம் அப்படியே இருந்தது. அதன் மேலேயே புது டேப் ஒட்டினேன். செருப்புப் பெட்டி மூன்று. டம்ளர். உன் அம்மா ஒன்றும் கேட்காமல் எங்கிருந்தோ அந்தக் குட்டித் தலையணைகளைக் கொண்டு வந்து வைத்தாள். இத்தனை நாள் எடுத்து வைத்திருந்திருக்கிறாள். என் தோள் துண்டைச் சுருட்டி வாயில் கவ்விக்கொண்டேன். சிரிக்காதே, நிஜமாகவே கவ்விக்கொண்டேன். சுவிட்சைப் போட்டேன். ஒரு சக்கரம் கிறீச் கிறீச் என்றது. முதல் கட்டில். இரண்டாவது கட்டில். மூன்றாவது கட்டிலுக்கு முன்னால் நர்சம்மா ஒரு கணம் யோசிப்பதுபோல நின்றாள், பிறகு இடது பக்கம் திரும்பினாள். தட்டைச் சாய்த்தாள். புறப்பட்ட இடத்துக்கு வந்து நின்றாள். நான் மறுபடி ஓட்டினேன், திரும்பினாள். மூன்றாவது தடவையும் ஓட்டினேன். திரும்பினாள் தாயி. அன்று மத்தியானம் ஓடியது அதிர்ஷ்டம் இல்லை. நஸ்ரின் கடைசியாக அனுப்பின புரோகிராமில் அந்தத் திருப்பத்தைச் சரி பண்ணியிருக்கிறாள், நீ அதைச் சரியாக ஏற்றியிருக்கிறாய். நான் அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்லியிருந்தால், மறுநாளும் ஓடியிருக்கும். துண்டை வாயிலிருந்து எடுக்காமல் அழுதேன். உன் அம்மா, "என்னங்க, என்ன சங்கதி?" என்று கேட்டாள். அப்போதுதான் அவளிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. நிக்காஹ் எந்தக் கிழமை என்று மட்டும் கேட்டாள்.

இந்தக் கடிதத்தை நஸ்ரினும் படிக்கட்டும், அவள் அத்தாவும் படிக்கட்டும், நீ நினைத்தால் யாருக்கு வேண்டுமானாலும் காட்டு. மூடி வைத்ததில் நடந்த கேடு போதும். இதோடு என் பழைய போனின் மெமரி கார்டை வைத்திருக்கிறேன், அந்தப் படம் இருக்கிறது. இந்தத் தடவை சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேள். நஸ்ரினிடம் சொல்ல வேண்டியதை நானே அவள் முன்னால் நின்று சொல்வேன், அதை உன்மேல் போட மாட்டேன். ஆனால் அந்த மீன் பெட்டிப் பேச்சு உன்னுடையது. அதை நீதான் போய்த் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மைக்செட் வேனைத் துடைத்து நிறுத்தி வைத்திருப்பேன். நர்சம்மாவை அந்தத் தெர்மகோல் பெட்டியிலேயே வைத்து ஏற்றியாகிவிட்டது. நீ முன்சீட்டில் உட்கார். அறந்தாங்கி தாண்டி மணமேல்குடி வரைக்கும் எனக்கு வழி தெரியும். கட்டுமாவடிக் கடைத்தெருவுக்குள் போன பிறகு எந்தச் சந்தில் நஸ்ரின் வீடு என்று எனக்குத் தெரியாது. பெருநாளுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தவள் நீ, உனக்குத்தான் தெரியும். அவள் வீட்டு வாசல் வரைக்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன். எங்கே திரும்ப வேண்டும் என்று நீ சொல்லு தாயி, நான் திருப்புகிறேன்.

அப்பா